எர்ரரே காட்டாத கிளாஸ்

வாங்க, வாங்க, உள்ள வாங்க. செருப்பு வாசல்லயே கெடக்கட்டும், ஒண்ணும் ஆவாது. யாரு அனுப்பிச்சா? ஜெபசீலியா? அப்பிடிச் சொல்லுங்க. உக்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், அது மேல பத்திரிகைக் கட்டு இருக்கு. இதுல உக்காருங்க. ஏட்டி உலகு, ஒரு காப்பி போடு. ஆபீசுல இருந்து ஒருத்தர் வந்திருக்காரு.

ஆபீசு இல்லையா? சரி, எதுவா இருந்தா என்ன. அவ அனுப்பிச்சிருக்கால்லா, அதுலயே எனக்கு விசயம் வெளங்கிட்டு. காலையில இருந்து போன் போட்டுக்கிட்டே இருக்கா. நான் எடுக்கல. எடுக்கவும் மாட்டேன். இந்தா பாருங்க, மேச மேல கவுத்தி வச்சிருக்கேன். நான் எடுக்கலன்னதும் ஆள் அனுப்பிச்சிட்டா, சமாதானம் பேச. என் மக கோமதி கல்யாணத்துக்கு ஆபீசுல அத்தன பேருக்கும் பத்திரிகை வச்சேன். கூட்டிப் பெருக்குத அம்மாவுக்குக் கூட வெத்தல பாக்கோட தட்டுல வச்சுக் குடுத்தேன். அவளுக்கு மட்டும் வைக்கல. அவ மேசையைத் தாண்டிப் போயி அடுத்த மேசையில வச்சேன். வேணும்னுதான் செஞ்சேன்.

இருங்க, இருங்க. நீங்க சொல்ல வந்தது எங்க போயிரப் போகுது. மொதல்ல என் நியாயத்தக் கேளுங்க. அவ பக்கம் கேட்டுட்டுல்லா வந்திருக்கீக.

எங்க கம்பெனி சோலி என்னன்னு தெரியும்லா? கல்யாண மண்டபங்களுக்கு சாஃப்ட்வேர். எந்தத் தேதி யாருக்கு, எந்த நேரம், எல்லாம் கம்ப்யூட்டர்ல. திருநெல்வேலி, தென்காசி, சங்கரன்கோயில், அந்தப் பக்கம் சாத்தூர் வரைக்கும் எங்க மண்டபங்கதான். ஜனங்க வீட்டுல இருந்தே செல்போன்ல பதிவு பண்ணிக்கலாம். பி.எச்.பி.ன்னு ஒரு மொழி, அதுலதான் எழுதியிருக்கு. விவரமெல்லாம் டேட்டாபேஸ்ல கெடக்கும். இப்ப, ஸ்கிரீன்ல நீங்க ஒரு தேதியைத் தட்டுதீக. அது நேரா டேட்டாபேஸுக்குள்ள போயிர முடியாது. நடுவுல ஒரு ஆளு வேணும். இங்க உள்ளத அங்க கொண்டு போயிச் சொல்லணும், அங்க சொல்லுதத இங்க கொண்டு வரணும். கல்யாணத் தரகர் இருக்காருல்லா, அது மாதிரி. அதுக்குப் பேரு டிரைவர் கிளாஸ். கிளாஸுன்னா பள்ளிக்கூடத்து வகுப்பு இல்ல, புரோகிராம்ல ஒரு வேலைக்குன்னு தனியா எழுதி வைக்கிற பகுதி. அந்தக் கிளாஸை எழுதுனது யாரு? நான். இந்தக் குத்தாலிங்கம்.

கிளாஸுக்கு ஒரு பேரு வைக்கணும்லா? குற்றாலம்னு வச்சேன். ஆபீசுல எல்லாப் பயலும் எந்த புரோகிராம் எழுதுனாலும் மொத வரியில குற்றாலத்தக் கூப்பிட்டுத்தான் ஆகணும். 'குற்றாலத்துல போட்டியாடா?', 'குற்றாலம் என்ன சொல்லுது?' இப்பிடித்தான் நாள் பூரா பேச்சு. காதுல கேக்கும்போது எனக்கு எப்பிடி இருக்கும்! எங்க எம்.டி., யாரு புதுசா வேலைக்கு வந்தாலும் மொதல்ல என் மேசைக்குத்தான் கூட்டிட்டு வருவாரு. 'இவருதான் குற்றாலம் எழுதுனவரு, கும்பிட்டுக்கோ'ம்பாரு. வெளாட்டுக்குத்தான் சொல்லுவாரு. நான் வெளாட்டா எடுத்துக்கிட்டது இல்ல.

அந்தக் கிளாஸோட பெருமை என்ன தெரியுமா? அது எழுதுன நாள்ல இருந்து ஒரு எர்ரர் காட்டுனது கிடையாது. ஒண்ணு கூட! மத்தவன் எழுதுன புரோகிராம்லாம் சும்மா சும்மா செவப்பு எழுத்துல ஏதாவது கத்தும். ஜனங்க பயந்துருவாங்க. கல்யாண வீட்டுக்காரங்க அண்ணாச்சி, அவங்க கண்ணுல செவப்பு எழுத்து படலாமா? அதனால நான் ஒவ்வொரு வரிக்கும் முன்னால ஒரு குறி போட்டிருக்கேன். அந்தக் குறியைப் போட்டா உள்ள என்ன நடந்தாலும் வாயைத் தொறக்காது. முழுங்கிரும். முழுங்கிட்டு, 'பதிவு ஆயிற்று, மணமக்கள் வாழ்க'ன்னு பச்சை எழுத்துல காட்டும். நல்ல தரகன், அந்த வீட்டுல சொன்ன கடுஞ்சொல்ல இந்த வீட்டுல வந்து சொல்லுவானா? மாட்டாம்லா?

என் வீடும் அப்பிடித்தான். பெருமைக்குச் சொல்லல, இந்த வீட்டுல ஒரு பிரச்சினைன்னு என் காதுக்கு வந்ததே கிடையாது. என் வீட்டுக்காரி உலகுகிட்ட என்னட்டின்னு கேட்டா 'ஒண்ணுமில்ல'ம்பா. மொகம் வாடியிருக்கும், என்னன்னு கேட்டா 'ஒண்ணுமில்ல'. அவ்வளவுதான். எத்தன பேருக்கு அப்பிடி அமையும்?

என்னட்டி? அவுகளப் பேச விடவா? பேசுவாக, பேசுவாக. நீ காப்பியப் பாரு.

இந்த ஜெபசீலி வந்தது பங்குனியில. நாசரேத் பக்கத்துப் பிள்ளை. வயசு என் மக வயசுதான் இருக்கும். கண்ணாடி போட்டுக்கிட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டு, வந்த மொத வாரமே என் மேசைக்கு வந்து நிக்கா. 'சார், குற்றாலத்துல எர்ரர் வந்தா அது எங்க சார் போகும்?'ன்னு கேக்கா. நான் சொன்னேன், 'எங்கயும் போகாதும்மா. அதான் அதோட சிறப்பு'ன்னு. ஆபீசே சிரிச்சிட்டு. அவளப் பாத்துத்தான் சிரிச்சாங்க. வேற யாரப் பாத்துச் சிரிப்பாங்க?

அவ சிரிக்கல. 'சரி சார்'னுட்டு போயி உக்காந்து ஒரு புதுக் கிளாஸை எழுத ஆரம்பிச்சிட்டா. பேரு கூட வைக்கத் தெரியல. வெறுமனே டேட்டாபேஸ்னு வச்சிருக்கா. அதுல என்ன செஞ்சிருக்கான்னா, உள்ள ஏதாவது சரியில்லன்னா ஒடனே கத்தும். 'பதிவாகவில்லை, மறுபடி முயலவும்'னு செவப்பா, கொட்ட எழுத்துல. ஒரு மண்டபத்துல மாட்டுனாங்க பாருங்க, மொத நாளே போனு. செவப்பா வருது, செவப்பா வருதுன்னு. எனக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு சந்தோசம்! எம்.டி. கூப்பிட்டுக் கிழிக்கப் போறாருன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். அவரு வெளிய வந்து என்ன சொல்லுதாரு? 'இப்பத்தான்யா என்ன நடக்குன்னே நமக்குத் தெரியுது'ங்காரு. என்ன கூத்து பாருங்க. எர்ரரே காட்டாத என் கிளாஸ் மட்டம், எப்பப் பாத்தாலும் எர்ரர் காட்டுத அவ கிளாஸ் ஒசத்தி!

வயிறு எரிஞ்சுது அண்ணாச்சி. எனக்கு மறைச்சுப் பேசத் தெரியாது. எரிஞ்சுது.

ஆவணியில ஒரு சம்பவம். சௌந்தரவல்லி மகால்னு நம்ம மண்டபம் ஒண்ணு... தெரியுமா உங்களுக்கு? பெரிய மண்டபம். அங்க ஒரே முகூர்த்தத்துக்கு ரெண்டு கல்யாண வீட்டுக்காரங்க வந்து நின்னுட்டாங்க. ரெண்டு மாப்பிள்ள, ரெண்டு நாயனக்காரங்க. வாசல்ல நின்னு ஒரே சண்டை. ஒரு பொண்ணு மாலையும் கழுத்துமா வேன்லயே உக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சாம். அங்க மேனேஜர் வேலாயுதம்னு ஒருத்தன். 'நான் பதிவு பண்ணுனேன், பச்சை வந்துச்சு'ன்னு அழுதான். நான் போயிப் பாத்தேன். டேட்டாபேஸ்ல அப்பிடி ஒரு பதிவே இல்ல. 'நீ போடலடா, பொய் சொல்லுத'ன்னேன். ஓனரு அன்னைக்கே அவன வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

இவ சும்மா இருந்தாளா? எதையோ நோண்டு நோண்டுன்னு நோண்டி, 'முகூர்த்தத் தேதிக்கு எல்லாரும் ஒரே நேரத்துல வந்து விழுறாங்க சார், அப்போ டேட்டாபேஸ் கதவ அடைச்சிரும். பதிவு உள்ள போகாது. ஆனா ஸ்கிரீன்ல பச்சைதான் காட்டுது'ன்னு எம்.டி.கிட்ட சொல்லி, அந்த ஓனருகிட்டயும் போயிச் சொல்லி, வேலாயுதத்தத் திருப்பி வேலைக்கு வச்சிட்டா. அவன் இவளுக்கு ஒரு பெட்டி அல்வா கொண்டு வந்து குடுத்தான். சொட்டச் சொட்ட நெய்யி, ஆபீஸ் பூரா மணக்கு. எல்லாருக்கும் ஒரு துண்டு. எனக்கும் நீட்டுனா. எனக்குச் சக்கரைன்னுட்டேன். எனக்குச் சக்கரையெல்லாம் கிடையாது.

அதுகூடப் பொறுத்துக்கிட்டேன். அன்னைக்கு மீட்டிங்ல எழுந்திரிச்சு என்ன சொன்னா தெரியுமா? 'பழைய வெர்ஷன்ல ஒரு சின்னக் குறை இருந்துச்சு, சரி பண்ணியாச்சு'. அவ்வளவுதான். குற்றாலம்னு ஒரு வார்த்தை இல்ல. என் பேரு இல்ல! எழுதுனவன் எதுத்தாப்புல உக்காந்திருக்கேன், பேரச் சொல்லணுமா வேண்டாமா? என்னைய ஆளாவே மதிக்கல பாருங்க. எம்.டி. வேற, 'யாரு எழுதுனதுங்கிறதெல்லாம் இப்ப எதுக்கு'ன்னு முடிச்சிட்டாரு. ரெண்டு பேரும் சேந்து என் பேரை அழிக்காங்க.

அப்புறம் ஆயுத பூஜை. எங்க ஆபீசுல ஒரு வழக்கம். சர்வர் பெட்டிக்கு சந்தனம் குங்குமம் வச்சு, மொத மாலை போடுறது நான்தான். குற்றாலம் ஓடுத பெட்டில்லா? இந்த வருசம் நான் சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டு, சந்தனக் கிண்ணத்தக் கையில எடுத்துட்டேன். எம்.டி. பைய வந்து, 'குத்தாலம், இந்த வாட்டி அந்தப் பிள்ளை வைக்கட்டும்யா, புதுசால்லா எழுதியிருக்கு'ங்காரு. அவ வேதக்காரப் பிள்ளை, சர்ச்சுக்குப் போறவ. 'வேண்டாம் சார், எங்களுக்குப் பழக்கமில்ல, குத்தாலிங்கம் சாரே வைக்கட்டும்'னா. விட்டுக் குடுக்காளாம்! அவ விட்டுக் குடுத்து நான் வைக்கணுமா? கிண்ணத்தக் கீழ வச்சுட்டு வந்துட்டேன். பொரி கூடத் தின்னல. வீட்டுக்கு வந்து உலகுகிட்ட சொன்னேன். அவ என்ன சொன்னா? 'அந்தப் பிள்ளை நல்ல பிள்ளையாத்தான தெரியுது'ங்கா. ஏட்டி, சொன்னியா இல்லையா?

அதுக்கு மறு வாரம் எம்.டி. சொல்லிட்டாரு. எல்லா மண்டபத்துலயும் புதுக் கிளாஸ் மாட்டியாச்சு, இனிமே குற்றாலம் வேண்டாம், ஃபைலை எடுத்துருங்கன்னு. எடுத்துருங்களாம். எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. உண்மையச் சொல்லுதேன், பாத்ரூம்ல போயி அழுதேன்.

அப்பத்தான் கோமதிக்கு மாப்பிள்ள அமைஞ்சு, தேதியும் குறிச்சாச்சு. தை பதிமூணு. சௌந்தரவல்லி மகால்தான்னு நான் முடிவு பண்ணிட்டேன். மார்கழியில கல்யாணம் கிடையாதுல்லா, அதனால தை முகூர்த்தத்துக்கு அடிபுடி. ஐப்பசி மொத நாள் காலையிலதான் அந்த மண்டபத்துல தை மாசத்தத் தொறந்து விடுவாங்க. அன்னைக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா? உங்ககிட்டதான் சொல்லுதேன், வெளிய விட்டுராதீக. எந்தக் கிளாஸ் ஓடணும்ங்கிறது ஒரே ஒரு வரிதான். காலையில ஆபீசுக்குப் போனதும் அந்த மண்டபத்துக்கு மட்டும் அந்த வரியை மாத்தி, குற்றாலத்தப் போட்டுட்டேன்.

ஏன்னு கேளுங்க. என் மக கல்யாணம் அவ எழுதுன கிளாஸ்லயா பதிவாகணும்? நான் பெத்த மக, நான் எழுதுன கிளாஸ். அழிக்கத்தான் போறாங்க. கடைசியா ஒரு நல்ல காரியம் அதுல நடக்கட்டுமே. தப்பா?

என் கையாலயே போட்டேன். மணமகள் கோமதின்னு அடிக்கும்போது கண்ணு கலங்கிட்டு. தை பதிமூணு, காலை ஒம்பதுல இருந்து பத்தரை. தட்டுனேன். செத்த நேரம் சுத்துச்சு. அப்புறம் பாருங்க, பளிச்சுன்னு பச்சை! 'பதிவு ஆயிற்று, மணமக்கள் வாழ்க.' பதிவு நம்பர் வார எடம் மட்டும் காலியா இருந்துச்சு. இருந்தா என்ன? எழுதுனவனுக்கு நம்பர் எதுக்கு? முன்பணம் அது இதுன்னும் போயி நிக்கல. அந்த ஓனரு என்னைப் பாத்தா எந்திரிச்சு நிப்பாரு, என்கிட்ட வாங்குவாரா?

சாயங்காலம் வரியத் திருப்பி மாத்தி வச்சிட்டேன். அன்னைக்குப் பகல் பூரா எத்தன பேரு அங்க பதிவு பண்ணுனாங்களோ, அத்தன பேருக்கும் பச்சைதான். ஒருத்தருக்குச் செவப்பு வரல. ஒரு போன் வரல. அன்னைக்கு நிம்மதியாத் தூங்குனேன்.

இன்னொண்ணு கேளுங்க. நேத்து வேலாயுதத்துக்கும் பத்திரிகை வைக்கப் போனேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கக் கூடாதுல்லா. வாங்கிப் படிச்சான். அவன் மூஞ்சி ஒருமாதிரி ஆயிட்டு. 'அண்ணாச்சி, இது... இந்தத் தேதி...'ன்னு இழுக்கான். பொறாமை! குத்தாலிங்கம் மகளுக்கு இந்த மண்டபத்துலயான்னு. நான் நிக்கவே இல்ல, வந்துட்டேன். எல்லாருக்கும் ஊர்ல பொறாமைதான் அண்ணாச்சி. அந்த ஒரு குணம் மட்டும் மனுசனுக்கு வரவே கூடாது.

இந்தா, காப்பி வந்துட்டு. எடுத்துக்கோங்க. ஏட்டி, காப்பிய வச்சிட்டுப் போகாம ஏன் அவுக மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்க? என்ன? ஒண்ணுமில்லையா? சரி.

இப்பச் சொல்லுங்க, உங்க கதை என்ன? மஞ்சப் பையோட வந்திருக்கீக. ஓ, உங்க வீட்டுலயும் கல்யாணமா? அதச் சொல்ல வேண்டாமா மொதல்லயே! ஜெபசீலியை எப்பிடித் தெரியும்?

ஆமா... ஐப்பசி மொத நாள் காலையில நீங்களும் பதிவு பண்ணுனீங்களா? பச்சை வந்துச்சா? பாத்தீங்களா, நான் சொன்னேம்லா! அது என் கிளாஸ்தான். என்ன... நம்பர் வரலன்னு உங்களுக்குச் சந்தேகமா? மறு நாள் ஆபீசுக்குப் போன் போட்டீங்களா? அவதான் எடுத்தாளா? 'பதிவாகல ஐயா'ன்னு சொல்லி அவளே திருப்பிப் போட்டு, நம்பரும் குடுத்தாளா?

அதான் அவ புத்தி. நல்லா இருந்ததப் பதிவாகலன்னு சொல்லியிருக்கா பாருங்க. எப்பிடியாவது என் கிளாஸைக் குத்தம் சொல்லணும். நீங்களும் நம்பிட்டீங்க. மனுசனுக்கு நம்பிக்கை வேணும் அண்ணாச்சி. பச்சைன்னா பச்சைதான்.

எங்க, பத்திரிகையக் குடுங்க பாப்போம். கண்ணாடியப் போட்டுக்கிடுதேன். அடேயப்பா, நல்ல தாளு. திருநிறைச்செல்வன் மதிவாணன்... மகனா? வாழட்டும். நிகழும் மங்களகரமான... தை மாதம் பதிமூணாம் நாள்...

அட, நம்ம நாளு. நல்ல முகூர்த்தம்லா, அன்னைக்கு ஊரெல்லாம் கல்யாணம்தான். காலை ஒம்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள்... சௌந்தரவல்லி மகால்...

ம்.

இல்ல, இருங்க. இன்னொரு வாட்டி படிக்கேன்.

அண்ணாச்சி, உங்க பிரஸ்காரன் தப்பா அடிச்சிருக்கான். தேதியத் தப்பாப் போட்டிருக்கான், இல்ல மண்டபத்தத் தப்பாப் போட்டிருக்கான். இதுல பதிவு நம்பர் வேற எழுதி வச்சிருக்கீக. நம்பர் இருந்தா ஆச்சா? அன்னைக்கு அந்த நேரத்துக்கு அங்க என் மக கல்யாணம்லா. நான் பதிவு பண்ணியிருக்கேன். என் கண்ணால பாத்தேன், பச்சை வந்துச்சு. ஊர் பூரா பத்திரிகை குடுத்தாச்சு, மாப்பிள்ள வீட்டுக்காரங்க கடையநல்லூர்ல இருந்து ரெண்டு பஸ் பிடிச்சாச்சு. ஏன் என்னைய அப்பிடிப் பாக்கீக? ஏன் எந்திரிச்சிட்டீக? உக்காருங்க. காப்பி ஆறுது.

இந்தா, திருப்பியும் போனு. அவதான். ஏட்டி, எடுக்காத. எடுக்காதன்னு சொல்லுதேம்லா... சவத்த, எடுத்துட்டா. பேசட்டும், பேசட்டும். அவ என்னத்தச் சொல்லிரப் போறா. பாருங்க, இவ சும்மா கேட்டுக்கிட்டே நிக்கா. 'சரிம்மா'ங்கா. 'சரிம்மா, சரிம்மா'.

வச்சிட்டியா? என்ன சொன்னா? ஏன் கீழ உக்காந்துட்ட? ஏட்டி உலகு, உன்னைத்தான் கேக்கேன், இங்க பாரு. என்ன சொன்னா அந்தப் பிள்ளை?

...

கேட்டீங்களா அண்ணாச்சி? ஒண்ணுமில்லையாம்.